'கள்ளத்தோணி': ஒரு சொல்லும் ஒரு நாவலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளர், துரைமாரின் தேவைக்காக, அரசு அறிய, மன்னார்–மாத்தளைப் பாதையால் நடந்து வந்தோராவர். எனினும் அவர்தம் வழித்தோன்றல்கள் 'கள்ளத்தோணி' என இழித்துரைக்கப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. வந்த வழியைக் குறித்த சொல் வாழும் உரிமையை மறுக்கும் சொல்லாயிற்று.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பிரெஞ்சு அதிகாரிகளுக்கு ஈழத்தவன் ஒருவன் எழுதும் புகலிட மனுவோடு அந்நாவல் தொடங்குகிறது. பட்ட துன்பத்தை அலுவலக மொழியில் எழுதி, நம்புமாறு இரந்து நிற்கும் அவலத்தை அவ்வுருவமே உணர்த்திவிடுகிறது. நாவலின் வலிமை இதுவெனலாம்.

1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 31 ஆம் உறுப்புரை இங்கு நோக்கற்பாலது. ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகள்முன் தோன்றித் தக்க காரணங் காட்டும் அகதியை, அனுமதியின்றி நுழைந்தமைக்காகத் தண்டித்தலாகாது என்பது அதன் விதி. நுழைந்த முறை வேறு; புகலிடம் கோரும் உரிமை வேறு. இலங்கையோ இன்றுவரை அவ்வுடன்படிக்கையில் இணையவில்லை.

மலையகத்தாரை அச்சொல்லால் அழைத்தோருள் தமிழரும் இருந்தனர். 1983 இன் பின்னர் தமிழர் பல்லாயிரவர் தாமே தோணியேற நேர்ந்தது. புலம்பெயர் இலக்கியத்தைப் பயில்வோர் மலையக இலக்கியத்தையும் உடன்வைத்துப் பயிலுதல் வேண்டும். அன்றேல் அவர்தம் இரக்கம் தன்னினத்தோடு நின்றுவிடும்.