கல்லறைக்கு எழுதிய துறைக்குறிப்பு: செபுல்டுராவின் ஒரு லைவ் ஆல்பத்தை முன்வைத்து

புறநானூறு வாசிக்கிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாட்டைப் படிக்கும் முன்பே அடியில் கிடக்கிற குறிப்பைப் பார்த்துவிடுவது. பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், திணை என்ன, துறை என்ன. இவை பாட்டோடு பிறந்தவை அல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை என்று எல்லோரும் பாடம் படித்திருக்கிறோம். ஆனாலும் அடியில் 'கையறுநிலை' என்று ஒரு சொல் இருந்துவிட்டால் போதும், முதல் அடியிலேயே ஒப்பாரி கேட்கத் தொடங்கிவிடும். குறிப்பு பிரதியை விளக்குவதில்லை, வாசிப்பை முன்கூட்டியே ஆள்கிறது. ஒரு ராக் இசைத்தட்டைக் கேட்கும்போது எனக்கு இதே சிக்கல்தான் வந்தது.

1996 டிசம்பர் 16 அன்று லண்டன் பிரிக்ஸ்டன் அகாதமியில் பிரேசில் குழுவான செபுல்டுரா வாசித்ததன் பதிவு 'அண்டர் எ பேல் கிரே ஸ்கை'. இரண்டு தட்டுகள். 1984இல் பெலோ ஒரிசோன்ச்சியில் மாக்ஸ் கவலேரா, இகோர் கவலேரா என்ற சகோதரர்கள் தொடங்கிய குழு இது. போர்த்துகீசிய மொழியில் 'செபுல்டுரா' என்றால் கல்லறை. அந்த ஆண்டு ஆகஸ்டில் மாக்ஸின் வளர்ப்பு மகன் விபத்தில் இறந்திருந்தான். பையனின் தாய் குளோரியா, மாக்ஸின் மனைவி. குழுவின் மேலாளரும் அவர்தான். பிரிக்ஸ்டன் கச்சேரி முடிந்த பிறகு, குளோரியாவோடு ஒப்பந்தத்தைத் தொடர விருப்பமில்லை என்று மற்ற மூவரும் சொல்ல, மாக்ஸ் விலகினார். அவர் செபுல்டுராவோடு பாடிய கடைசிக் கச்சேரி அது. ரோட்ரன்னர் நிறுவனம் பதிவை வெளியிட்டது 2002இல். அதற்குள் குழு அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறியிருந்தது. விலகிய மாக்ஸோ தன் புதிய குழுவான சோல்ஃபிளையோடு அங்கேயே இருந்தார்.

கதை தெரிந்துதான் நான் கேட்டேன். மாக்ஸின் தொண்டை கரகரத்த இடமெல்லாம் எனக்குத் துக்கம். தம்பி இகோரின் டிரம்ஸ் வேகம் கூடிய இடமெல்லாம் கோபம். பாட்டுக்கு நடுவில் விழுகிற இடைவெளியெல்லாம் 'பேசாத மௌனம்'. பிறகு ஒரு நண்பருக்குக் கதை எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "செம அடி அடிக்கிறானுங்கப்பா, நல்லா ஒத்துப்போறானுங்க" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் சொன்னதுதான் சரி. கச்சேரி முடிந்த பின் நடந்த ஒன்று கச்சேரியின் ஒலிக்குள் எப்படி இருக்க முடியும்? முதல் தட்டில் சிக்கோ சயன்ஸின் பாட்டு ஒன்றையும் வாசிக்கிறார்கள். ரெசிஃபே நகரத்து அந்தக் கலைஞர் 1997 பிப்ரவரி 2 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த இடமும் அஞ்சலியாகிவிடும். பிரிக்ஸ்டனில் அன்று அவர் உயிரோடு இருக்கிற ஒரு சகா, அவ்வளவுதான்.

ஆக, ரசிகர் தட்டில் கேட்பது பிரிவை அல்ல. பிரிவு என்ற துறைக்குறிப்பைத்தான். 'கடைசி இரவு' என்பது பண்டத்தின் மீது ஒட்டப்பட்ட விலைச்சீட்டு. இதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் இந்தத் தட்டில் வேறொரு இழப்பு நிஜமாகவே ஒலியாகப் பதிந்திருக்கிறது. அதற்குக் குறிப்பு எழுத யாரும் வரவில்லை.

தட்டு தொடங்குவது 'இட்சாரி' என்ற முன்னிசையோடு. ஷவான்த்தே மொழியில் 'வேர்கள்' என்று பொருள். 1995இல் குழு மாத்தோ கிரோஸ்ஸோவிலுள்ள ஷவான்த்தே கிராமம் ஒன்றுக்குப் போய், அந்தப் பழங்குடி மக்களோடு சேர்ந்து பதிவு செய்தது அது. 1996இல் வந்த 'ரூட்ஸ்' ஆல்பத்தில் இடம்பெற்றது. பிரிக்ஸ்டன் மேடையில் ஷவான்த்தேக்கள் இல்லை. அவர்களுடைய குரல் மட்டும் நாடாவிலிருந்து வருகிறது. 'லைவ்' என்று விற்கப்படுகிற தட்டின் முதல் ஒலியே லைவ் இல்லை! வேர் முன்கூட்டியே பதிவாகி வந்து சேர்கிறது, கூட்டம் ஆரவாரிக்கிறது, கிடார் வந்து அதன் மேல் ஏறிக்கொள்கிறது. நால்வரில் ஒருவர் போனதற்கு இத்தனை ஆண்டுகளாக அழுகிற நாம், தொடக்கத்திலேயே ஒரு சமூகம் முழுதும் குரலாக மட்டும் வந்து போவதை 'இன்ட்ரோ' என்று தாண்டிவிடுகிறோம்.

குழுவைக் குற்றம் சொல்வது எளிது, ஆனால் நியாயமில்லை. கிராமத்துக்கே போய் அந்த மக்களோடு உட்கார்ந்து வாசித்தவர்கள் அவர்கள். இரண்டாவது தட்டில் 'கையோவாஸ்' வருகிறது. நிலம் பறிபோய், தற்கொலைகளால் சிதைந்த குவரானி-கையோவா மக்களின் பெயர் அது. அந்த இசைக்குச் சொற்கள் கிடையாது. மேடையில் அது தோல்கருவிகளின் கூட்டு முழக்கமாகிறது. மற்றமையின் சாவுக்குத் தன்னிடம் சொல் இல்லை என்று ஒப்புக்கொள்வதும் ஒரு அறம்தான். தொண்டை கிழியக் கத்துகிற ஒரு பாடகர் அங்கே வாயை மூடிக்கொள்கிறார். இந்தத் தட்டில் நான் நம்பக்கூடிய துக்கம் இது ஒன்றுதான். நண்பருக்கு ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டியபோதும், இந்த இடத்தில்தான் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

2023 டிசம்பரில் செபுல்டுரா தன் விடைபெறும் பயணத்தை அறிவித்தது. 40 நகரங்களில் 40 பாடல்களைப் பதிவு செய்து ஒரு லைவ் ஆல்பம் வரும் என்றும் சொன்னது. இந்த முறை துறைக்குறிப்பு பாட்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. வரட்டும், கேட்போம். பிரிக்ஸ்டன் தட்டை மட்டும் அடிக்குறிப்பை மறைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நால்வரும் ஒன்றாக இருப்பது கேட்கும். அந்த மேடையில் இல்லாதவர்கள் யார் என்பதும் கேட்கும்.