ஆர் மொழியில் சேமித்ததை மீளத் திறக்க: லோடா, ரீட்ஆர்டிஎஸ்ஸா?

தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கைகளில் கிடக்கும் டெங்கு எண்களை ஆர் மொழிக்கேற்ற அட்டவணையாக்கித் தருகிறது டெங்குடேட்டாஹப். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் தியங்கா தலகல உருவாக்கிய இலவசப் பொதி அது. அதிலிருந்து கண்டி மாவட்டத்தை மட்டும் பிரித்து, திகதிகளைச் சரிபார்த்து, மழைவீழ்ச்சியோடு பொருத்தி முடிப்பதற்குள் அரைநாள் ஓடிவிடும். அந்த உழைப்பைக் கோப்பில் போட்டுவைத்து மறுநாள் அப்படியே எடுக்க ஆரில் இரண்டு சோடிக் கட்டளைகள் உண்டு: சேவ்–லோட், சேவ்ஆர்டிஎஸ்–ரீட்ஆர்டிஎஸ். நான் கண்டவரை பேராதனைப் பக்கத்து மாணவர்கள் முதற்சோடியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் இந்தத் தரவிலேயே ஓட்டிப் பார்த்தேன்.

லோட்டின் கவர்ச்சி புரிகிறது. ஒரே கோப்பில் பத்துப் பொருள்களைப் போடலாம், ஒரே வரியில் அத்தனையும் திரும்பி வரும். ஆனால் அவை சேமித்தபோது இருந்த பெயரிலேயே வரும். 'கண்டி' என்ற பெயரில், நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட 2017ஆம் ஆண்டின் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அதே பெயரில் முழு அட்டவணை உள்ள பழைய கோப்பைத் திறந்தேன். எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. புதியது அழிந்து பழையது உட்கார்ந்துவிட்டது. கேளாமலே வீட்டுச் சாமான்களை இடம்மாற்றுகிற விருந்தாளி இது. லோட் தருவதை ஒரு மாறியில் பிடித்தால் இன்னும் வேடிக்கை: தரவு அதில் வராது, பொருள்களின் பெயர்ப்பட்டியல்தான் வரும். தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் லோட் செய்தால் மோதல் இல்லை. அந்தச் சிரமத்தை யார் படுவார்கள்?

ரீட்ஆர்டிஎஸ் ஒரு கோப்பில் ஒரு பொருளையே தரும், பெயரை நாமே வைக்கலாம். பல பொருள்கள் இருந்தால் ஒரு லிஸ்ட்டாகக் கட்டிவிட்டால் போயிற்று. என் வாக்கு இதற்கே.

இரண்டிலும் வேறு சிக்கல்களும் உண்டு. 2019இல் வந்த ஆர் 3.6.0 முதல் கோப்பின் இயல்பு வடிவம் மாறியது, 3.5.0க்கு முந்திய ஆர் கிடக்கும் பழைய ஆய்வுகூடக் கணினியில் அது திறக்காது. சேமிக்கும்போதே வெர்ஷன் 2 என்று குறித்தால் திறக்கும். மகாவலிப் படுகை வரைபடங்களை டெர்ரா பொதியில் கையாளுகிறவர்கள் சேவ் கட்டளையை நம்பக்கூடாது. ராஸ்டர் பொருள் பெரும்பாலும் நினைவக முகவரி ஒன்றைத்தான் பிடித்திருக்கும், மறுநாள் அந்த முகவரி செல்லாது. டெர்ராவின் ரேப் கட்டளையால் முதலில் பொதிந்துகொள்ள வேண்டும். பிறர் அனுப்பிய ஆர்டிஎஸ் கோப்பிலும் கவனம் தேவை. உள்ளே ஒளித்த கட்டளை ஓடக்கூடிய ஓட்டை ஒன்றை 2024 ஏப்ரலில் ஆர் 4.4.0 அடைத்தது, அதற்கு முந்தியதை வைத்திருப்போர் புதுப்பிப்பது நல்லது.

எக்செல் மட்டும் பாவிக்கும் சுகாதார அலுவலருக்கு இவை எதுவும் உதவாது, அவருக்கு சிஎஸ்வியே கொடுங்கள். திகதி வெறும் எழுத்தாகிவிடும், வகைகளின் வரிசை தொலையும், ஆனால் திறக்கும்.

ஆர்ஸ்டூடியோ தொடங்கும்போது பழைய வேலைத்தளத்தைத் தானாக மீட்கும் அமைப்பையும் இன்றே அணைத்துவிடுங்கள். அதுவும் லோட்தான், நீங்கள் கேட்காமலே ஓடுவது.