மூச்சு விடும் மீன்

நாடகம் பார்க்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. திரை விழுந்ததும் வீட்டுக்குப் புறப்படுகிறவர்கள் ஒரு வகை. திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராதவர்கள் இன்னொரு வகை. நான் வெகுகாலமாக முதல் வகையைச் சேர்ந்தவன். இதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. என் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் காட்டும்படி யாராவது கேட்டால் நான் காட்ட மாட்டேன். அடித்ததும் திருத்தியதும், மூன்றாவது அத்தியாயத்தில் செத்தவன் ஏழாவதில் காப்பி குடித்ததும் எனக்குத் தெரிந்தால் போதும். அந்தச் சலுகையை மற்றக் கலைஞர்களுக்கும் கொடுப்பதுதான் நியாயம் என்று இருந்துவிட்டேன்.

அந்த வைராக்கியம் 2018ஆம் வருஷம் அமெரிக்காவில் குலைந்தது. ப்ளோரிடாவில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய பள்ளிக்கூட நாடகக் குழுவை, டிஸ்னியின் 'அனிமல் கிங்டம்' பூங்காவில் நடந்துகொண்டிருந்த ஒரு இசை நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னாலும் கூட்டிப் போய்க் காட்டுவதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்குத் துணையாகப் பெரியவர்கள் சிலர் வேண்டும் என்றார்கள். ஊரிலிருந்து வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் மாமாவைவிடத் தகுதியானவர் வேறு யார்?

கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் நாடகத்தைப் பற்றி ஒரு விமர்சனக் கட்டுரையா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். நானும் அப்படித்தான் உயர்த்திக்கொண்டு போனேன். ராட்டினத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே, வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்கள் முன் ஒரு நாளில் பல தடவை ஆடுகிற ஆட்டத்தில் என்ன கலை இருந்துவிடப் போகிறது என்பது என் எண்ணம். திரும்பி வரும்போது புருவம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த இடத்தின் பாஷையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டிஸ்னி பூங்காக்களில் டிக்கெட் வாங்கி வருகிறவன் வாடிக்கைக்காரன் அல்ல, 'விருந்தினன்'. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோருமே 'நடிகர் குழு'வைச் சேர்ந்தவர்கள். குப்பை கூட்டுகிறவருக்கும் அதே பெயர்தான். அவர் போட்டிருப்பது சீருடை அல்ல, வேஷம். ஜனங்கள் நடமாடுகிற இடமெல்லாம் மேடை, மற்றதெல்லாம் மேடைக்குப் பின்புறம். மேடையையும் பின்புறத்தையும் கலக்கக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு. கலிபோர்னியாவில் 1955இல் திறந்த முதல் பூங்காவில், வருங்கால உலகத்தைக் காட்டும் பகுதிக்குள் ஒரு கௌபாய் வேஷக்காரர் தம் வேலைக்குப் போகக் குறுக்கே நடந்தாராம். அதைக் கண்டு வால்ட் டிஸ்னிக்கு மனசு பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். ப்ளோரிடாவில் 1971இல் 'மாஜிக் கிங்டம்' கட்டியபோது, வேலைக்காரர்கள் யார் கண்ணிலும் படாமல் போய்வர நடைபாதைகளை அமைத்தார்கள். அங்கே தோண்டினால் உடனே தண்ணீர் வந்துவிடும். ஆகையால் தரைமட்டத்தில் சுரங்கப் பாதையைக் கட்டி, அதற்கு மேல் பூங்காவைத் தூக்கி வைத்தார்கள். ஜனங்கள் தரையில் நடப்பதாக நினைத்துக்கொண்டு மாடியில் நடக்கிறார்கள்! மறைப்பதற்காக மனிதர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

இப்படி மறைப்பதையே தர்மமாகக் கொண்ட ஸ்தாபனத்தில், எதையும் மறைக்காத ஒரு நாடகம் நடந்தது என்பதுதான் விசேஷம்.

'ஃபைண்டிங் நீமோ' 2003இல் பிக்ஸார் எடுத்த படம். பல வாசகர்கள் குழந்தைகளோடு பார்த்திருப்பீர்கள். மனைவியையும் முட்டைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த மார்லின் என்ற மீன், மிஞ்சிய ஒரே பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறது. பிள்ளை நீமோவுக்கு ஒரு துடுப்பு சின்னது. அந்தப் பிள்ளையும் வலையில் அகப்பட்டு, சிட்னியில் ஒரு பல் வைத்தியரின் கண்ணாடித் தொட்டிக்குப் போய்விடுகிறது. எதுவும் ஞாபகத்தில் நிற்காத டோரி என்ற மீனைத் துணைக்கு வைத்துக்கொண்டு தகப்பன் கடல் முழுவதும் தேடிப் போகிறது. படத்தில் யாரும் எழுந்து நின்று பாடுவதில்லை. 2007 ஜனவரியில் அனிமல் கிங்டத்தில் அரங்கேறியபோதுதான் கதைக்குப் பாட்டுகள் வந்தன. எழுதியவர்கள் ராபர்ட் லோபஸும் கிரிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸும். பின்னால் 2013இல் 'ஃப்ரோஸன்' படத்துக்குப் பாட்டெழுதி உலகத்துக் குழந்தைகளையெல்லாம் பாட வைத்த அதே தம்பதி. பொம்மைகளைச் செய்தவர் மைக்கேல் கரி. பிராட்வேயில் 1997இல் வந்த 'லயன் கிங்' நாடகத்துக்கு ஜூலி டேமோருடன் சேர்ந்து முகமூடிகளும் பொம்மைகளும் உருவாக்கியவர்.

நாடகத்தில் மீனாக நடிக்கிறவர்கள் மீன் வேஷம் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மீன் பொம்மை. ஆட்டுகிறவர் மறைவில் இல்லை. மீனின் நிறத்துக்கு ஏற்ற உடுப்போடு, முகம் தெரிய, வெளிச்சத்தில் நின்று, பாடிக்கொண்டே ஆட்டுகிறார். ஜப்பானில் புன்ராக்கு என்ற பொம்மை நாடகத்தில் ஒரே பொம்மையை மூன்று பேர் ஆட்டுவார்கள். மற்ற இருவர் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டிருக்க, தலைமைக் கலைஞர் திறந்த முகத்தோடு நிற்பது உண்டு. டேமோர் கீழ்நாடுகளில் இருந்து கற்றுக்கொண்டு போனவர். பொம்மையையும் மனிதரையும் சபையார் ஒரே சமயத்தில் பார்ப்பதற்கு அவர் 'இரட்டை நிகழ்ச்சி' என்று பெயர் வைத்தார். அந்த வித்தைதான் நீமோவிலும் நீந்தியது.

ஆரம்பத்தில் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. யாரைப் பார்ப்பது? கோலின் முனையில் ஆடும் மீனையா, கோலைப் பிடித்திருக்கும் மனிதரையா? இரண்டு மூன்று நிமிஷங்கள் கண் இங்கும் அங்கும் அலைந்தது. அப்புறம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மனிதர் மறையவில்லை, அங்கேயேதான் இருந்தார். ஆனால் தகப்பன் மீனின் கவலை அவர் முகத்தில் தெரிந்தது, அவர் முகத்தின் கவலை மீனின் வாலில் தெரிந்தது. கடல் என்று காட்ட ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. துணியும் வெளிச்சமும் மனிதர்கள் நடக்கிற விதமும்தான் கடல். சுமார் ஆயிரத்தைந்நூறு பேர் உட்காரும் அந்த அரங்கம் ஒரு காலத்தில் சுவரில்லாமல் திறந்து கிடந்தது. இந்த நாடகத்துக்காகத்தான் மூடினார்கள். பகல் வெளிச்சத்தில் கடலடியைக் காட்ட முடியாது அல்லவா?

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நூறு நிமிஷப் படத்தை நாற்பது நிமிஷத்துக்குள் சுருக்கியதில், துக்கத்துக்கு நேரம் போதவில்லை. மனைவியைப் பறிகொடுத்த தகப்பனின் பயம்தான் கதையின் முதுகெலும்பு. அந்தப் பயம் சபைக்குள் இறங்குவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. இன்னொன்று, வாத்தியங்கள் எல்லாம் முன்பே பதிவு செய்யப்பட்டவை. பாடுகிறவர் ஓர் இடத்தில் மனம் தோய்ந்து அரை விநாடி நிற்க ஆசைப்பட்டால் இசை நிற்காது. நம்முடைய பழைய நாடக மேடையில் ஹார்மோனியக்காரர் பாடகரின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இங்கே பாடகர்தான் யந்திரத்தின் வாயைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து போடும் கும்மாளத்தில், பிள்ளையும் தகப்பனும் சேர்ந்த சந்தோஷம் கரைந்து போய்விட்டது என்பதும் என் அபிப்பிராயம்.

இவ்வளவும் முன்பக்கத்து விஷயம். இனிப் பின்பக்கத்துக்கு வருகிறேன்.

வண்ணம் பூசிய கதவு ஒன்றைத் தாண்டினோம். அந்தப் பக்கம் வண்ணம் இல்லை. சிமெண்டுத் தரை, இரும்புச் சட்டங்கள், விளக்குக் கம்பிகள், சுவரெல்லாம் எச்சரிக்கைப் பலகைகள். சட்டங்களில் மீன்கள் வரிசையாகத் தொங்கின. சில நிமிஷங்களுக்கு முன் நீந்தியவை, கருவாட்டுக் கடையில் மாட்டியது மாதிரி தலைகீழாகத் தொங்கின. பக்கத்தில் ஒரு மேஜை. அதில் பசை, நூல், கத்தரிக்கோல், வண்ண டப்பா, பிய்ந்து போன ஒரு துடுப்பு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதாவது ஒன்று பிய்யும், அடுத்த ஆட்டத்துக்குள் ஒட்டியாக வேண்டும் என்றார் அழைத்துப் போனவர். பிள்ளைகள் ஆவென்று பார்த்தார்கள். எனக்குச் சப்பென்று இருந்தது. இதற்குத்தான் நான் வர மாட்டேன் என்றேன் என்று மனசு முணுமுணுத்தது.

அப்போது டோரியை ஆட்டிய பெண் வந்தார். முகத்தில் வேர்வை இன்னும் உலரவில்லை. ஒரு கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தார். மேடையில் அந்தக் கட்டு என் கண்ணில் படவே இல்லை. சட்டத்தில் இருந்து ஒரு மீனை எடுத்து என் மருமகளிடம் கொடுத்து, "நீந்த விடு, பார்ப்போம்" என்றார்.

இவள் கோலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாள். பலமாக ஆட்டினாள். வளைத்து வளைத்து ஆட்டினாள். அசைந்தது, ஆனால் மீனாக இல்லை. என் பக்கம் திரும்பித் தமிழில், "மாமா, செத்துப் போச்சு" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று அந்தப் பெண் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "சரியாகத்தான் சொல்கிறாள். அது மூச்சு விடவில்லை" என்றார். பிறகு குழந்தையின் கையோடு தம் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ஆட்டாதே. நீ மூச்சை உள்ளே இழுக்கும்போது அதுவும் இழுக்கட்டும். என்னைப் பார்க்காதே, உன் மாமாவைப் பார்க்காதே, அதையே பார்." மீன் லேசாக மேலே எழும்பியது, தாழ்ந்தது. மறுபடியும் எழும்பியது. அவ்வளவுதான். நீந்தவில்லை, தாவவில்லை. நின்ற இடத்தில் உயிரோடு இருந்தது. அங்கே நின்ற இருபது முப்பது பிள்ளைகளும் சத்தத்தை அடக்கிக்கொண்டார்கள்.

முன்பக்கத்தில் என் கண் எப்படி அலையாமல் நின்றது என்பது எனக்கு அந்தச் சமயத்தில்தான் புரிந்தது. ஆட்டுகிறவர் எங்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தார். அவர் பார்த்ததனால் நாங்களும் பார்த்தோம். தம் மூச்சை அதற்குக் கொடுத்தார். அதனால் அது உயிரோடிருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? கயிற்றையும் கண்ணாடியையும் வைத்துச் செய்யும் ஜாலத்தைப் பின்னால் போய்ப் பார்த்தால் செத்துப் போகும். இதைப் பின்னால் போய்ப் பார்த்த பிறகு எனக்கு மதிப்புக் கூடிற்று. பொய்க் கலையையும் மெய்க் கலையையும் பிரித்தறிய இதைவிட நல்ல உரைகல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு நாளைக்கு இத்தனை தடவை இதையே செய்கிறீர்களே, அலுக்கவில்லையா?" என்று கேட்டேன். எல்லோரும் கேட்கிற கேள்விதான். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, "எனக்கு அலுக்கும். அதற்கு அலுக்காது" என்று மீனைக் காட்டினார். அதற்குள் ஒலிபெருக்கியில் அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. ஒரு காலை மெதுவாக வைத்து நடந்து போனார்.

கட்டுரையை இந்த இடத்தில் முடித்திருப்பேன். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்து பூங்காக்களை மூடினார்கள். ஜூலையில் திறந்தபோது ராட்டினங்கள் சுற்றின, இந்த அரங்கம் திறக்கவில்லை. பாடுகிறவன் முகமூடி போட்டுக்கொண்டு பாட முடியாது, ஆயிரத்தைந்நூறு பேரை நெருக்கமாக உட்கார வைக்கவும் முடியாது. நோய்ப் பரிசோதனை வேண்டுமென்று நடிகர் சங்கம் நிர்வாகத்தோடு வழக்காடியது. செப்டம்பர் கடைசியில், அமெரிக்கப் பூங்காத் தொழிலில் இருந்து இருபத்தெட்டாயிரம் பேரை நீக்குவதாக டிஸ்னி அறிவித்தது. பெரும்பாலும் பகுதி நேர ஊழியர்கள். சம்பளச் சீட்டு நின்ற அன்றைக்கு 'நடிகர் குழு' என்ற அழகான பெயர் யாருக்கும் சோறு போடவில்லை. நான் பார்த்த நீமோ நாடகம் பழைய உருவத்தில் திரும்பவே இல்லை. 2022 ஜூனில் அதே அரங்கில் சுமார் இருபத்தைந்து நிமிஷத்துக்குச் சுருக்கி, வேறு கதைப்போக்கில் புதிய நாடகமாகப் போட்டார்கள். பொம்மைகள் பத்திரமாக இருந்தன. மனிதர்களைத்தான் பத்திரப்படுத்தவில்லை.

எங்களை அழைத்துப் போனவர் பசையைக் காட்டினார், நூலைக் காட்டினார், கம்பிகளைக் காட்டினார். மேடைக்குப் பின்னால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தோம். பார்க்காதது ஒன்று இருந்தது. அந்த மீனுக்கு மூச்சுக் கொடுத்தவரின் மூச்சுக்கு யார் பொறுப்பு என்பது. அது எந்தச் சுற்றுலாவிலும் காட்டப்படுவதில்லை. மறைப்பதில் தேர்ந்தவர்கள் கட்டிய சுரங்கங்களில் மிக ஆழமானது அதுதான்.

என் மருமகள் இப்போது பெரியவளாகிவிட்டாள். சென்ற தடவை டெலிபோனில் பேசும்போது, அந்த மீன் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "மீன் ஞாபகம் இல்லை மாமா. அந்த அக்காவோட கால் கட்டுத்தான் ஞாபகம் இருக்கு" என்றாள்.

நல்ல விமர்சகியாக வருவாள்.