பொன்முடியார் பாட்டும் பிள்ளை வளர்ப்பும்

கூட்டுக் குடும்பம் குலைந்தது. தாயும் வேலைக்குச் செல்கிறாள். அதனால் பிள்ளைகளின் ஒழுக்கம் குன்றிவிட்டது என்னும் பேச்சை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு அரணாகப் பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாட்டைக் காட்டுவாரும் உளர். அப்பாட்டு அக்கருத்துக்கு இடந்தருகின்றதா என ஆராய்வோம்.

வாகைத் திணையில் மூதின்முல்லைத் துறையில் அமைந்த அப்பாட்டு, கடமைகளை ஐவர்க்குப் பகுத்துரைக்கிறது. பெற்று வளர்ப்பது தாயின் கடன். சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன். வேல் செய்து கொடுப்பது கொல்லனின் கடன். நல்லொழுக்கம் தருவது வேந்தனின் கடன். களத்தில் யானையை வென்று மீள்வது மகனின் கடன். மேடையில் பேசுவோரோ முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கின்றனர். எனவே பழி முழுதும் பெற்றோர் தலையில் விழுகிறது. பாட்டில் பேசுபவளே ஒரு தாய்தான். தன் கடனை முதற்கண் ஏற்றுக்கொண்டு, பிறர் கடனையும் அவள் சுட்டுகிறாள்.

‘சான்றோன்’ என்பதற்கு ஈண்டு வீரன் என்று பொருள் கொள்வாரும் உளர். வேந்தன் கடனைக் குறிக்கும் சொல்லிலும் பாடவேறுபாடு உண்டு. ‘நன்னடை’ எனின் ஒழுக்கம். ‘தண்ணடை’ எனின் வாழ்வுக்குரிய மருதநிலம். எப்பாடம் கொள்ளினும் ஒன்று தெளிவு: பிள்ளையை உருவாக்குவதில் வீட்டுக்கு வெளியே உள்ளோர்க்கும் பங்குண்டு. அகப்பாடல்களில் தலைவியை வளர்ப்பவள் செவிலித்தாய் என்பதும் இதற்குத் துணையாகும்.

இனி, இந்நாட்டில் நம்மவர் வாழ்ந்த வாழ்வை நோக்குவோம். தொழிலாளர் வருகையை 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை, கங்காணி முறையில் மலாயாவுக்கு வந்தோர் பலர் பெற்றோரை ஊரில் விட்டே கப்பலேறினர். ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் பலர்க்குப் பாட்டியின் மடி வாய்க்கவில்லை. தாய் வேலைக்குச் செல்வதும் புதிதன்று. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவள், குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டே சென்றாள். லயத்தில் அடுத்த வீட்டுக்காரியே பெரியம்மாவாகி ஊட்டினாள், கண்டித்தாள். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி வைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது.

அக்காலத்தைப் பொற்காலம் என்பதற்கில்லை. வறுமையும் கள்ளுக்கடையும் அங்கு இருந்தன. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்ற பிள்ளைகளும் பலர். எனினும் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் சுற்றம் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டுமனைகளாக மாறியும் போனபின் குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. அப்போது நாம் இழந்தது அச்சுற்றத்தையே. சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின், கம்பத்தை விட்டுப் பெயர்ந்தோர்க்கும் இது பொருந்தும். நல்ல வீடு கிடைத்தது. அறிந்த அயலார் பிரிந்தனர்.

ஆதலின், நோய் இன்னதென அறியாமல் தாயைக் குறைகூறுவது மருந்தாகாது. பள்ளி விட்டதும் மாணவன் திரும்பும் வீட்டில் யார் இருக்கிறார் என்பதை ஆசிரியர் அறிதல் வேண்டும். மாலையில் பிள்ளைகள் கூடிப் படிக்கக் கோயில் மண்டபமும் சங்கக் கட்டடமும் திறந்திருத்தல் வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரையேனும் நாம் அறிதல் வேண்டும்.

பொன்முடியார் பாட்டைக் கற்பிப்போர் அதனை முழுமையாகக் கற்பிப்பாராக. தாய் தன் கடனைச் சொல்லிவிட்டாள். கொல்லன் இடத்திலும் வேந்தன் இடத்திலும் இன்று நிற்பவர் நாமே அன்றோ?