மாப்பிள்ளை பெங்களூரில் இருக்கிறார்

எல்ஸி சில்வரின் 'ஹோப்லெஸ்' நாவலை முதல் தடவை ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். விடிகாலை மூன்றரை மணிக்குக் கிண்டிலை மூடியபோது, இதைப் பற்றி யாரிடமும் பேச முடியாதே என்றுதான் முதலில் தோன்றியது. என் நண்பர்களிடம் தஸ்தயெவ்ஸ்கி படிக்கிறேன் என்றால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். கவ்பாய் ரொமான்ஸ் படிக்கிறேன் என்றால் சட்டை போடாத அட்டைப்படம்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும். வரட்டும். போன மாதம் அதை இரண்டாவது முறை, நிதானமாகப் படித்தேன். இந்தத் தடவை காதலர்கள் என் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. ஊர்தான் பட்டது.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் செஸ்ட்நட் ஸ்பிரிங்ஸ் என்றொரு கற்பனைச் சிற்றூர். அங்கே ஈட்டன் குடும்பத்துக்கு ஒரு பெரிய மாட்டுப் பண்ணை இருக்கிறது. அதே ஊரில் ஜான்சென் குடும்பமும் இருக்கிறது. திருட்டு, போலீஸ், கேஸ் என்று பேரைக் கெடுத்துக்கொண்ட குடும்பம். அந்த வீட்டுப் பெண் பெய்லிக்கு 22 வயது, பாரில் வேலை. வேறு வேலைக்குப் போய் நின்றால் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்துகிறார்கள். ஈட்டன் வீட்டுப் பையன் ராணுவத்திலிருந்து காயங்களோடு திரும்பியவன், ராத்திரியில் தூக்கம் வராமல் அந்த பாருக்கு வந்து உட்காருகிறான். அவன் பெயர் போ. (தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது. "போ வந்தான்" என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன். இனிமேல் ஹீரோ.) அவன் ஒரு யோசனை சொல்கிறான். என் மோதிரத்தைப் போட்டுக்கொள், நமக்கு நிச்சயம் ஆகிவிட்டதாகச் சொல்லுவோம், அப்புறம் இந்த ஊர் உன்னை எப்படி நடத்துகிறது என்று பார். பதிலுக்கு அவனுக்குக் கிடைப்பது கொஞ்சம் நிம்மதி. திரும்பி வந்ததிலிருந்து அவனைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படும் குடும்பம் சற்று விலகி நிற்கும்.

இதில் கவ்பாய் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2022, 2023 என்று இரண்டே வருஷத்தில் வந்த இந்த ஐந்து நாவல் வரிசையின் கதாநாயகர்களில் இரண்டு பேர் காளையின் முதுகில் எட்டு விநாடி தாக்குப்பிடிக்கும் ரோடியோ வீரர்கள், ஒருவன் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர், நம்ம ஆள் ராணுவம். நிஜமாகவே மாடு வளர்ப்பது மூத்தவன் கேட் மட்டும்தான், அவனும் பாதி நேரம் யாரையாவது முறைத்துக்கொண்டு நிற்கிறான். இதில் புதுசாக ஒன்றும் இல்லை. 1902இல் வந்த ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்'தான் கவ்பாய் நாவல்களுக்கெல்லாம் பாட்டன். அதிலும் மாடுகளுக்குப் பெரிதாக வேலை கிடையாது. ஒரு கவ்பாய்க்கும் பள்ளிக்கூட டீச்சருக்கும் நடக்கும் காதல் அதில் பாதிக் கதை. ஆக கவ்பாய் என்பது ஆரம்பத்திலிருந்தே தொழிலைவிட ஒரு குணத்தின் பெயர்: கம்மியாகப் பேசுவான், பேசினால் வார்த்தை தவற மாட்டான். அப்படிப்பட்டவனை ஊர் முழுக்கப் பொய் சொல்ல வைத்தால்? 'ஹோப்லெஸ்'ஸின் சிரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஹீரோவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அதை உண்மையாக்கிவிடுகிற அவசரம் அவனுக்கு வந்துவிடுகிறது. அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இருவரும் மாறி மாறித் தன்மையில் கதை சொல்வதால், ஒருவர் மறைப்பது அடுத்த அத்தியாயத்திலேயே அம்பலமாகிவிடும்.

ஆனால் ஏன் நிச்சயதார்த்தம்? சும்மா காதலிக்கிறோம் என்று சொன்னால் போதாதா?

போதாது. காதல் இரண்டு பேருக்குள் முடிந்துபோகிற விஷயம். நிச்சயம் ஊருக்குக் கொடுக்கிற வாக்கு. இங்கிலாந்தில் 1970இல் சட்டத்தைத் திருத்தும் வரை, கல்யாணம் பண்ணிக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கியவர்மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியும். அதாவது நிச்சயத்துக்கு விலை இருந்தது, சாட்சி இருந்தது. இன்றைக்குச் சட்டம் போய்விட்டது, சாட்சிகள் மட்டும் இருக்கிறார்கள். பெய்லியின் விரலைப் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு சாட்சி.

பொய் நிச்சயக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜெட் ஹேயர் 1953இல் எழுதிய 'கொட்டிலியன்'. கிட்டி என்ற அநாதைப் பெண்ணை வளர்க்கிற கஞ்சக் கிழவர், தன் தம்பி தங்கை வழிப் பேரன்களில் ஒருவனைக் கட்டிக்கொண்டால்தான் அவளுக்குச் சொத்து என்று சொல்லிவிடுகிறார். கிட்டிக்கு ஜாக் என்ற அழகன்மீது ஒரு கண். அவனோ பிடிகொடுக்கவில்லை. அதனால் ஃப்ரெடி என்ற அப்பாவியைக் கெஞ்சிக் கூத்தாடிப் பொய்யாக நிச்சயம் செய்துகொண்டு லண்டனுக்குப் போகிறாள். ஃப்ரெடிக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கோட்டுக்கு எந்தக் கழுத்துத்துணி பொருந்தும் என்பதுதான். ரொமான்ஸ் ஹீரோவுக்கு உரிய லட்சணம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் பொய்க்காகவாவது பொறுப்பு எடுத்துக்கொண்டோமே என்று ஒவ்வொரு சிக்கலிலும் வந்து நிற்கிறான். நடிக்க நடிக்க ஆள் வளர்கிறான். நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே அழுத ஒரே நாவல் அது.

ஹேயரிடம் இருக்கிற ஒன்று சில்வரிடம் இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும், ஏனென்றால் இந்த நாவலை நான் நடுநிலையோடு படிக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையில் தனியாக வீடு தேடினேன். ஏழு வீடு பார்த்திருப்பேன். சம்பளச் சீட்டு, ஆதார், அட்வான்ஸ் எல்லாம் கையில் இருந்தன. ஒருத்தருக்கும் அது தேவைப்படவில்லை. எட்டாவது வீட்டுக்குப் போவதற்கு முன்னால் தி.நகரில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கவரிங் மோதிரம் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"நிச்சயம் ஆயிடுச்சு ஆன்ட்டி. மாப்பிள்ளை பெங்களூர்ல இருக்கார்."

"அப்படியா! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அவ்வளவுதான், சாவி கைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. நான் தயாராக ஒரு பெயர் வைத்திருந்தேன், வீணாகப் போயிற்று.

அதனால், மோதிரம் போட்ட பிறகு ஊர் பெய்லியை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கும் பக்கங்களில் மற்றவர்கள் குளிர்ந்துபோவார்களாக இருக்கும், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் அதே பெண்தான். நேற்றுவரை கிடைக்காத மரியாதை இன்றைக்கு ஒரு கல் வைத்த வளையத்தால் கிடைக்கிறது. அப்படியென்றால் மரியாதை ஊரில் இல்லாமல் இல்லை, எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள், இவளுக்குக் கொடுக்கவில்லை. சில்வர் இதைத் தெளிவாகப் பார்த்துவிடுகிறார். ரொமான்ஸ்தானே என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

பார்த்த பிறகு என்ன செய்கிறார் என்பதில்தான் எனக்குச் சண்டை. முதலில், பெய்லியை அப்பழுக்கில்லாதவளாகப் படைத்துவிட்டார். கூச்ச சுபாவம், உழைப்பாளி, இதுவரை எந்த ஆணும் தொட்டதில்லை. பெயரில் மட்டும்தான் கறை. அவள் அண்ணன்களோடு சேர்ந்து நாலு தப்புப் பண்ணியிருந்தால் இந்த மோதிரம் அவளைக் காப்பாற்றியிருக்குமா? அந்தக் கேள்வி கிட்டேகூட வராமல் நாவல் பார்த்துக்கொள்கிறது. ஜான்சென் என்ற பெயர் கடைசிவரை கெட்ட பெயர்தான். பெய்லிக்கு அதிலிருந்து தப்பிக்க வழி கிடைக்கிறது, பெயருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, ஈட்டன் என்பது ஏன் நல்ல பெயர்? நாவல் இதைக் கேட்பதே இல்லை. மகன்களைச் சங்கடத்தில் நெளிய வைக்கும்படி பேசுகிற அப்பா ஹார்வி ஈட்டனை எனக்கும் பிடிக்கும். இந்த வரிசையின் நல்ல நகைச்சுவையில் பாதி அவருடையது. ஆனால் ஆல்பர்ட்டாவின் பெரிய பண்ணைப் பெயர்கள் வானத்திலிருந்து விழவில்லை. 1877இல் பூர்வகுடிகளோடு ஏழாம் ஒப்பந்தம் போட்டு நிலம் கைமாறியது. சில வருஷம் கழித்து, 1880களின் தொடக்கத்தில், ஓர் ஆளுக்கு ஒரு லட்சம் ஏக்கர் வரை, ஏக்கருக்கு வருஷத்துக்கு ஒரு சென்ட் வாடகையில் அரசாங்கம் மேய்ச்சல் நிலம் கொடுத்தது. ஒரு சென்ட்! செஸ்ட்நட் ஸ்பிரிங்ஸ் கற்பனை ஊர்தான், ஈட்டன் கற்பனைக் குடும்பம்தான், ஒரு காதல் கதையிடம் நில வரலாறு கேட்பது அநியாயம்தான். இருந்தாலும் குடும்பப் பெயர் எப்படிக் கெடுகிறது என்பதையே கதையாக எடுத்துக்கொண்ட நாவலுக்கு, அது எப்படி நல்லதாகிறது என்று ஒரு வரியாவது தோன்றியிருக்கலாம்.

முடிவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பொய் நிச்சயம் மெய்யாகும் என்று முதல் பக்கத்திலேயே தெரியும், அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் தன் வரையறையிலேயே மனசு நிறைகிற, நம்பிக்கை தருகிற முடிவு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஹேயரும் அப்படித்தான் முடிக்கிறார். ஆனால் அவர் போகிற போக்கில் ஒரு காரியம் செய்கிறார்: எல்லோரும் ஹீரோ என்று நம்பிய ஜாக்கை, ஒரு குத்தோடு, தோற்க வைக்கிறார். அழகனைத்தான் காதலிக்க வேண்டும் என்ற பழைய கணக்கு அத்தோடு காலி. அதாவது அவருடைய பொய், உண்மையாவதற்கு முன்னால் யாரையாவது அம்பலப்படுத்துகிறது. 'ஹோப்லெஸ்'ஸில் ஊர் அம்பலமாகிறது, ஆனால் தோற்பதில்லை. இந்தக் கல்யாணம் நடக்காமல் போயிருந்தால் பெய்லியை என்ன செய்திருப்பீர்கள் என்று அந்த ஊரிடம் யாருமே கேட்பதில்லை. பொய் மெய்யாகிவிட்டதால் கேட்கிற அவசியமும் இல்லாமல் போகிறது.

என்னுடையது மெய்யாகவில்லை. இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, மாப்பிள்ளையின் தாத்தா தவறிவிட்டார், மாப்பிள்ளையை ஆறு மாசத்துக்கு வெளிநாடு அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. மோதிரம் கறுத்துப்போய் வேறொன்று வாங்கினேன். காலி செய்கிற அன்றைக்கு ஆன்ட்டி வாசல்வரை வந்து, "பத்திரிகை வைக்காம இருந்துடாத" என்றார். பிறகு பெயின்ட் அடிப்பதற்கு ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார்.