கரிக்காடி ஓடும் காப்ஸ்யூலும்

கொச்சியில் மட்டாஞ்சேரிப் பாலம் தாண்டினால் வில்லிங்டன் தீவு. 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பொருளை எடுக்கும் முறையைத் தொழில்முனைவோருக்குக் கொண்டுசேர்த்த இடம் அது.

கரிக்காடி, பூவாலன், நாரன் என்று கொச்சிக்காரர்கள் பெயர் சொல்லி வாங்கும் இறாலில், தலையும் ஓடுமே எடையில் பாதியை நெருங்கும். உரித்துப் போட்ட குவியல் அரை நாள் வெயிலில் கிடந்தால் தெருவே மூக்கைப் பொத்தும். அதே ஓட்டை நீர்த்த காரத்தில் காய்ச்சினால் புரதம் கழன்றுவிடும். நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்புச் சத்து நுரைத்துக் கரையும். மிஞ்சும் கைட்டினை அடர்காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். வெளிறிய செதில்கள், நாற்றம் துளியும் இல்லை. தண்ணீரில் கரையாத இது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கொழகொழவென்று ஆகிவிடும்.

மருந்தியலாளர்களை மயக்கியது இதன் ஒட்டும் குணம். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, இரைப்பையின் சளிப்படலத்துக்குள் பதுங்கி வாழ்கிறது. அதைக் கொல்லத் தரும் சாதாரண அமாக்ஸிசிலின் காப்ஸ்யூலோ சில மணி நேரத்தில் குடலுக்கு இறங்கிவிடும். அமிலத்தில் நேர்மின்னூட்டம் பெறும் கைட்டோசான், எதிர்மின்னூட்டமுள்ள சளியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே மருந்தை அதன் நுண்மணிகளுக்குள் அடைத்து, மெல்ல மெல்லக் கசியவிடப் பல ஆய்வகங்கள் முயன்றன.

சிக்கலும் அங்கேயே. இரைப்பை அமிலம் மணியையே கரைத்துவிடும். அதைத் தடுக்க, ட்ரைபாலிபாஸ்பேட் போன்ற வேதிப்பொருள்களால் கைட்டோசான் இழைகளைப் பிணைக்க வேண்டும். பிணைப்பு இறுகினால் மருந்து உள்ளேயே தங்கும், தளர்ந்தால் ஒரேயடியாகக் கொட்டும். கைவண்ணமே இந்தப் பக்குவத்தில்தான். போதாததற்கு, மணி ஒட்டியிருக்கும் சளிப்படலமும் ஓயாமல் உரிந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

இறால் ஒவ்வாதவர்கள் விஷயம் தனி. அந்த ஒவ்வாமை பெரும்பாலும் சதைப் புரதத்தால் வருவது. எனவே புரதம் எவ்வளவு சுத்தமாக நீங்கியது என்பதை மருந்துத் தரக் கைட்டோசானில் கறாராகப் பார்க்கிறார்கள்.