செய்தி வாசிப்பாளரின் மொழியும் தோட்டத்துத் தமிழும்

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. தமிழ்ச் செய்தி வாசிப்பாளரின் பணிவாழ்வைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குரல்வளம், உச்சரிப்பு, முகப்பொலிவு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். அவர்தம் மொழி எவ்வாறு உருவாயிற்று என்பதை நோக்குவதில்லை.

வானொலியினின்று ஒரு சான்று காட்டலாம். அகில இந்திய வானொலியின் டில்லித் தமிழ்ச் செய்திகளைப் பல்லாண்டு வாசித்து, 2022இல் மறைந்த சரோஜ் நாராயணஸ்வாமி மும்பையில் பிறந்து வளர்ந்தவர். தமிழகமே திருத்தமானது எனக் கொண்ட அக்குரல் தமிழகத்திற்கு வெளியே உருவானது. ஆகவே செய்தித்தமிழ் பிறப்புரிமையன்று, பயிற்சியால் அமைவது.

இவ்வுண்மை பேராக்கிற்கும் பொருந்தும். ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம், ஒட்டுப்பால், பெரட்டு, லயம் என்பன வாழ்க்கைச் சொற்கள். ரப்பர் குறைந்து மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபின் அவை அருகி வருகின்றன. எல்லா மாநிலத்தாரும் அறியப் பொதுத்தமிழ் வேண்டும் என்பது ஏற்கத்தக்கதே. எனினும், தோட்டம் பற்றிய செய்தியில் ‘லயம்’ என்பது ‘தொழிலாளர் குடியிருப்பு’ ஆகும்போது வரலாறும் உடன் மறைகிறது.

செய்தி மேசைக்குச் செல்ல விழையும் மாணவர்க்குப் பொதுத்தமிழைக் கற்பிக்கும் ஆசிரியர், வீட்டுத்தமிழைப் பிழையென ஒதுக்காதிருத்தல் வேண்டும். இரண்டையும் இடமறிந்து ஆள்வதே வாசிப்பாளரின் தகுதி எனலாம்.